காகிதத்துக்குப் பிறந்த கண்

தை மாத ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் படாளம் கூட்டு ரோட்டில் நின்றால், உலகத்திலுள்ள பெரிய லென்ஸெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறதோ என்று தோன்றும். சென்னையிலிருந்து வரும் கார்கள் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு வேடந்தாங்கலுக்குப் பிரிகிற இடம் இது. டீக்கு நிறுத்துகிறவர்கள், பின்சீட்டில் கைக்குழந்தையைப் போலப் படுக்க வைத்திருக்கும் 600 எம்எம் லென்ஸை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார்கள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் கொஞ்சம் ஓரமாக வந்தாலும் டம்ளரை வைத்துவிட்டு ஓடுவார்கள். கார் விலைக்கு லென்ஸ் என்றால் ஓடத்தானே வேண்டும்.

அதே கடையில் டீ குடித்துவிட்டு எதிர்த்திசையில் கிளம்புகிறவன் நான். வண்டியின் இரண்டு பக்கமும் 20 லிட்டர் கேன்.

"என்ன சார், கொக்கு பாக்கப் போகலியா?" என்றார் கடைக்காரர்.

"தண்ணி எடுக்கப் போறேண்ணே. மாமல்லபுரம்."

"பாலாறு இங்கயே இருக்கு. தண்ணிக்கு மாமல்லபுரமா?"

உப்புத் தண்ணீர் என்று விளக்கினால் இன்னும் நாலு கேள்வி வரும். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பாலாற்றுப் பாலம் தாண்டி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை. மழைக்காலத்தில் இந்த வேலை ஆகாது. வயலூர் முகத்துவாரத்தில் பாலாறு கலந்து, கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும். தை பிறந்தபின் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, நீர்மட்டம் 1.025 கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கேனை நிரப்பலாம்.

இவ்வளவும் வீட்டு முன்னறையில் இருக்கிற இரண்டரை அடி தொட்டிக்காக. அதில் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி, கொஞ்சம் பாறை, அந்தப் பாறை மேல் ஜோவா கூட்டம். ஜோவாந்தஸ் என்பது முழுப்பெயர். பவளத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பச்சை வட்டம், நடுவில் ஆரஞ்சுப் புள்ளி, சுற்றிலும் கண்ணிமை மாதிரி உணர்கொம்புகள். ஒரு மொட்டின் குறுக்களவு 8 மில்லிமீட்டர். என் பிரச்சினை மொத்தமும் அந்த 8 மில்லிமீட்டர்தான். வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு நத்தைகுத்தி நாரை இருநூறு அடி தள்ளி இருக்கிறது. எனக்கு எதுவுமே தூரத்தில் இல்லை. கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் படத்தில் அகப்படவில்லை.

கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் எடுத்தால் ஜோவா கூட்டம் சாம்பார் சாதத்தில் தூவிய கொத்தமல்லி மாதிரி இருந்தது. அந்த லென்ஸால் பொருளை அதன் அளவில் மூன்றில் ஒரு பங்காகத்தான் சென்சார் மேல் விழவைக்க முடியும். 8 மில்லிமீட்டர் மொட்டு அங்கே இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். எட்டும் எட்டாகவே விழுந்தால் அது 1:1. அதைத் தருவதுதான் மேக்ரோ லென்ஸ். விலையைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு தொட்டி வைக்கலாம்.

வாங்க முடியாத பொருளைப் பற்றி நிறையப் படிப்பது என் வழக்கம். மேக்ரோ லென்ஸ் பிறந்த கதையை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளிக்கொண்டே போனால் பக்கத்துப் பொருள் பெரிதாக விழும் என்பது புகைப்படக்கலை அளவுக்குப் பழைய விஷயம். அந்தக் காலத்து ஸ்டூடியோ கேமராவின் துருத்தியை இழுத்தாலே போதும். இப்படி எடுத்த படத்துக்கு, மைக்ராஸ்கோப் படத்திலிருந்து பிரித்துச் சொல்ல, ஃபோட்டோ மேக்ரோகிராஃப் என்று 1899இல் பெயர் வைத்தவர் வால்ம்ஸ்லி. இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் துருத்தியையும் குழாய்களையும் வைத்துக்கொண்டு பூச்சிகளையும் செடிகளையும் சினிமாவாகவே எடுத்தார். தனியாக ஒரு மேக்ரோ லென்ஸ் யாருக்கும் தேவைப்படவில்லை.

அதே நாட்களில்தான், 1909இல், நம் மெட்ராஸ் மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். மியூசியத்து எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போரில் மூடும்வரை கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள். பார்த்த நிறத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வழியில்லை. லூமியே சகோதரர்களின் கலர் தகடு 1907லேயே கடைக்கு வந்துவிட்டதுதான். ஆனால் நல்ல வெயிலிலேயே விநாடிக்கணக்கில் அசையாமல் நின்றால்தான் அதில் படம் விழும். எந்த மீன் நிற்கும்?

சிக்கல், கேமரா சின்னதான பிறகுதான் வந்தது. 35 எம்எம் பிலிம் கேமராவில் துருத்தி கிடையாது. பக்கத்தில் எடுக்க வேண்டுமானால் லென்ஸைக் கழற்றி, நடுவில் வளையத்தை மாட்டி, எடுத்த பிறகு திரும்பக் கழற்ற வேண்டும். ஹைன்ஸ் கில்ஃபிட் என்ற ஜெர்மன்காரருக்கு இந்தக் கழற்றி மாட்டல் பிடிக்கவில்லைபோல. கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் தானே பிலிம் நகரும் ரோபாட் கேமராவை ஏற்கெனவே வடிவமைத்தவர் அவர். 1955இல் அவருடைய கம்பெனி, லிக்டென்ஸ்டைன் என்கிற குட்டி நாட்டிலிருந்து, மேக்ரோ கிலார் என்ற 40 எம்எம் லென்ஸை வெளியிட்டது. சூட்சுமம் கண்ணாடியில் இல்லை, குழலில்தான். மரையை நீளமாக வெட்டியிருந்தார். திருகத் திருக லென்ஸ் முன்னால் வந்துகொண்டே இருக்கும். தூரத்து மலையிலிருந்து உள்ளங்கை எறும்பு வரைக்கும் ஒரே திருகல். 35 எம்எம் கேமராவுக்கான முதல் மேக்ரோ லென்ஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பித்தளைக் கூஜாவின் திருகுமூடியைத் திறந்து பழகிய நம் ஆட்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் யாராவது ஒருவர் முதலில் செய்ய வேண்டுமே.

அடுத்த வருஷம் ஜப்பானில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி.

புத்தகங்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் சுருக்கி வைப்பது அமெரிக்காவில் அப்போது நன்றாக வேரூன்றியிருந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. எந்தப் பக்கத்தையும் சுருக்கிப் பிறகு பெரிதாக்கினாலும் படிக்கலாம். கொஞ்சம் மங்கினால்கூட எழுத்தை ஊகித்துவிடலாம். ஜப்பானியருக்கு அது ஆகவில்லை. ஒரே கட்டத்துக்குள் பதினைந்து, இருபது கோடு போடும் சீன வழி எழுத்துக்கள் அவர்களுடையவை. சுருக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புப் பொட்டாகிவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒளியியல் பேராசிரியராக இருந்த கோஆனா இதற்கென்று ஒரு லென்ஸ் வேண்டும் என்று நிக்கான்காரர்களிடம் கேட்டார். 1956இல் 5 சென்டிமீட்டர் மைக்ரோ நிக்கார் வந்தது. எஃப் மவுன்ட் என்ற லென்ஸ் மாட்டும் வாயுள்ள நிக்கான் கேமராவுக்காக 1961இல் அது 55 எம்எம் ஆனது. மைக்ரோஃபிலிமின் நினைவாக நிக்கான் இன்றைக்கும் தன் மேக்ரோ லென்ஸ்களுக்கு மைக்ரோ என்றுதான் பேர் போடுகிறது.

சாதாரண லென்ஸ் தூரத்துக் காட்சிக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது. அதைப் பக்கத்தில் கொண்டுவந்தால் நடுப்பகுதி தெளிவாக இருக்கும், ஓரமெல்லாம் கரைந்துவிடும். இந்த லென்ஸின் கணக்கே பக்கத்துப் பொருளுக்குத்தான். பக்கத்தின் நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி விழ வேண்டும் என்பது அதற்கிட்ட கட்டளை. அதற்கு 55 எம்எம் எஃப் 3.5இல் ஐந்தே கண்ணாடித் துண்டுகள். (நம் எழுத்துக்கும் இந்த ஜாதி லென்ஸ்தான் வேண்டியிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை வைத்துச் சென்னையில் 1994இல் தொடங்கிய நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். லென்ஸ் அதைத் தின்றுவிட்டால் ஆராய்ச்சியாளர் பாடு திண்டாட்டம்.)

ஆகப் பூவுக்கோ பூச்சிக்கோ பிறந்த லென்ஸ் இல்லை இது. மேஜை மேல் புத்தகத்தை விரித்து, பக்கம் மேடு பள்ளமாக நிற்காமல் ஒரு கண்ணாடித் தகட்டால் அழுத்தி, நேர் மேலே கேமராவைச் செங்குத்தாக மாட்டி, கண்ணாடி வழியாகப் படம் எடுக்கிறார்கள். அந்த மேஜையை அப்படியே நிமிர்த்தி நிறுத்துங்கள். என் மீன் தொட்டி.

எனக்கு இது சட்டென்று உறைத்தது ஒரு ராத்திரி. தொட்டியைப் படம் எடுக்கிற எல்லாருக்கும் முதலில் சொல்லும் விதி, கேமராவைக் கண்ணாடிக்கு நேர்க்குத்தாகப் பிடி என்பது. கொஞ்சம் சாய்த்தாலும் தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து வெளிச்சத்தைப் பிரித்துவிடும். மொட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்று கோடு விழும். ஒரு லட்சம் ரூபாய் லென்ஸானாலும் விழும். காகிதத்தைப் படம் எடுத்தவர்களின் அதே ஒழுங்கு. அப்படியானால் அவர்களுடைய பழைய லென்ஸே போதாதா?

போதும் என்பதுதான் என் கட்சி. இன்றைய மேக்ரோ லென்ஸில் நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஆட்டோஃபோகஸ். தொட்டியில் அது கண்ணாடி மேல் ஒட்டிய பாசிப் புள்ளியைப் பிடிக்கும், இல்லையென்றால் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். இவ்வளவு கிட்டத்தில் எப்படியும் கேமராவைத்தான் முன்பின் நகர்த்திக் குறி பார்க்க வேண்டும். அடுத்தது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. 1:1 பக்கம் போகப் போக அதன் பலன் தேய்ந்துவிடும். ஸ்டாண்டில் வைத்துவிட்டால் வேலையே இல்லை. மழை, தூசி புகாத கட்டமைப்பு. என் முன்னறையில் மழை பெய்வதில்லை. இவையெல்லாம் தும்பியைத் துரத்துகிறவருக்கு வேண்டும். சுவரோரம் நிற்கும் தொட்டிக்கு வேண்டாம்.

ஆனால் தூரம் மட்டும் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பொருள் வீணாயிற்று. முதலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ரிவர்ஸ் ரிங் வாங்கினேன். லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம் அது. பெரிதாக்கும், சந்தேகமில்லை. ஆனால் தலைகீழ் லென்ஸ் தெளிவாகப் பார்க்கிற இடம் அதன் மூக்கிலிருந்து நாலு, நாலரை சென்டிமீட்டரில் நிலைத்துவிடும். தொட்டிக் கண்ணாடியே 12 மில்லிமீட்டர். மிச்சத்தில் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போய்விடும்? முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தையை மட்டும் எடுத்தேன். நல்ல படம்தான். நத்தையை எடுக்க நான் தொட்டி வைக்கவில்லை.

அடுத்து வெற்றுக் குழாய், அதாவது எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடியே கிடையாது, காற்றுதான். கில்ஃபிட் மரையில் செய்ததை இது துண்டு துண்டாகச் செய்கிறது. 50 எம்எம் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் குழாய் போட்டால் பாதியளவு, 50 போட்டால் 1:1. ஆனால் 1:1இல் வெளிச்சம் காலாகக் குறைந்துவிடும். பொருளும் லென்ஸின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் வந்துவிட வேண்டும். என் ஜோவா இருக்கும் பாறை முன்கண்ணாடியிலிருந்து 12 சென்டிமீட்டர் உள்ளே. இதில் தண்ணீர் ஒரு சலுகை தருகிறது. கிணற்றில் விழுந்த சொம்பு மேலே இருப்பதுபோலத் தெரியுமே, அதே கணக்கு. 12 சென்டிமீட்டர் 9 ஆகத் தெரியும். அப்படியும் எனக்கு எட்டவில்லை. குழாய் மலிவு ரகம், மின் இணைப்பு கிடையாது, அதனால் லென்ஸின் துளையைச் சுருக்கவும் முடியவில்லை. மொட்டின் ஒரு கொம்பு தெளிவாக இருந்தால் பக்கத்துக் கொம்பு பஞ்சாகிவிட்டது.

ஏற்கெனவே 55-200 மாதிரி ஒரு நீள ஜூம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முன்னால் கவ்வி மாட்டும் குளோஸ்-அப் லென்ஸ். ரேநாக்ஸ் கம்பெனியின் டிசிஆர் 250 பிரபலம், 8 டயாப்டர். அது 12.5 சென்டிமீட்டருக்குள் இழுத்துவிடும். தொட்டிக்கு அதன் தங்கச்சி டிசிஆர் 150தான் தோது. 4.8 டயாப்டர் என்பதால் சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கலாம், 200 எம்எம்மில் வைத்தால் கிட்டத்தட்ட 1:1 வந்துவிடும். என்னிடம் அந்த ஜூம் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

இல்லை. அதனால் பழைய லென்ஸ் தேடினேன். மைக்ரோ நிக்கார் 55 கையில் கிடைத்தது, ஆசையாகவும் இருந்தது. காகிதத்துக்குப் பிறந்தது அல்லவா, 25 சென்டிமீட்டரில் குனிந்து படிக்கும். அதுவும் சென்சாரிலிருந்து கணக்கு. லென்ஸ் முனைக்கு முன்னால் மிஞ்சுவது அதில் பாதிகூட இல்லை. மனசில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, டாம்ரான் 90 எம்எம் எஃப் 2.5 வாங்கினேன். 1979இல் வந்த லென்ஸ். கேமரா கம்பெனி இல்லாத ஒரு கம்பெனி, எல்லாக் கம்பெனி கேமராவுக்கும் பொருந்தும்படி செய்தது அது. பின்பக்க மவுன்ட் தனியாகக் கழன்று வரும். இன்று நிக்கான், நாளை வேறு என்றால் அந்த வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். முகம் எடுப்பதற்கும் பூ எடுப்பதற்கும் சேர்த்து ஒரே லென்ஸ் என்று நினைத்துத்தான் 90ஐத் தேர்ந்தார்கள். துளையைச் சுருக்கும் வளையம் லென்ஸ் மேலேயே இருக்கிறது, யாருடைய மின் இணைப்பும் வேண்டாம். சென்சாரிலிருந்து 39 சென்டிமீட்டரில் பாதியளவு தரும்.

பாதிதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. என் கேமரா சென்சாரின் அகலம் 24 மில்லிமீட்டர், அதில் குறுக்கே 6000 புள்ளிகள். 8 மில்லிமீட்டர் மொட்டு பாதியாகி 4 மில்லிமீட்டரில் விழுந்தாலும் 1000 புள்ளிகள் அதற்குச் சொந்தம். செல்போனில் பார்க்க அதுவே மிகுதி. போதவில்லையென்றால் சும்மா கிடந்த அந்த 25 மில்லிமீட்டர் குழாய் இருக்கவே இருக்கிறது. போட்டால் முக்காலுக்கு வந்துவிடும். வாங்கும்போது டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் வேண்டாம். நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி, அலமாரியில் இருந்த மற்ற லென்ஸுக்காகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

ஒட்டுப்போட்ட சாமான் என்று கூச்சப்படவும் வேண்டாம். அதோ வேடந்தாங்கல் போகிறார்களே, அந்தப் பாதையில் அவர்களுக்கு முன்னோடி மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஒரு கம்பெனியின் கேமரா உடல், வேறொன்றின் லென்ஸ், மிச்சமெல்லாம் கைவேலை என்று தானே கூட்டிச் சேர்த்த ஒரு பெரிய கேமராவோடுதான் அவர் காட்டுக்குப் போனார். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதில் எடுத்த கறுப்பு வெள்ளை யானைகளைப் பார்த்தவர்கள் கேமராவின் விலையைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

படம் எடுக்கும் ராத்திரி வீட்டில் ஒரு சின்ன ஊரடங்கு. காந்தப் பிரஷ்ஷால் முன்கண்ணாடியை உள்ளே தேய்த்து, வெளியே ஈரத்துணியால் உப்புத் தெறிப்பைத் துடைப்பேன். அறை விளக்கு, டிவி எல்லாம் அணைத்தாக வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியில் சீரியல் ஓடும். தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கரையும் பம்பையும் நிறுத்திப் பத்து நிமிஷம் காத்திருந்தால் தூசு அடங்கும், கொம்புகள் ஆடுவது நிற்கும். மீன்களுக்கு மட்டும் சந்தேகம், சாப்பாடு வருகிறது என்று முன்னால் வந்து நிற்கும். தொட்டி விளக்கு ஒரே நீலம். பவளச் சாதிக்கு அது பிடிக்கும், கேமராவுக்குப் பிடிக்காது. நாடக மேடை விளக்கில் சுற்றுவார்களே, அந்த ஆரஞ்சு ஜெலட்டின் தாளில் ஒரு துண்டு வெட்டி லென்ஸ் முன்னால் ரப்பர் பேண்டால் கட்டிவிடுவேன். எஃப் 11, கேமரா ஸ்டாண்டில், கண்ணாடிக்கு நேர்க்குத்து. மகள் முக்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்துவாள்.

கல் பவளம் ஏன் வைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு ஒடித்து வருவது புலித்தோல் வைத்திருப்பதற்குச் சமம். என் ஜோவா இன்னொரு தொட்டிக்காரர் வெட்டிக் கொடுத்த துண்டு, இரண்டு வருஷத்தில் தானே பரவியது. அதையும் கையுறை இல்லாமல் தொடுவதில்லை. அந்தக் கூட்டத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு.

போன மாசம் ஓரமாக ஏழெட்டு மொட்டுகள் மூடியவை திறக்கவே இல்லை. தண்ணீரைச் சோதித்தேன், உப்பு சரி. விளக்கும் சரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி 25 மில்லிமீட்டர் குழாயையும் போட்டு அந்த மூலையை எடுத்தோம். மகள் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக்கொண்டே போனவள் நிறுத்தினாள்.

"அப்பா, இந்த மொட்டுக்கு மட்டும் நடுவுல வாய் இல்ல."

பார்த்தேன். அது மொட்டே இல்லை. ஜோவாவைத் தின்று, தின்ற ஜோவாவின் நிறத்தையே போர்த்திக்கொள்ளும் கடல் நத்தை. ஓடு கிடையாது. முதுகெல்லாம் கொம்பு மாதிரியே மடல்கள். மொட்டின் தண்டுக்குக் கீழே, படத்தின் ஓரத்தில், வெள்ளை நூலைச் சுருட்டி வைத்ததுபோல அதன் முட்டை. மூலைவரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது.

பம்பை மறுபடி போடவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு இடுக்கியை எடுத்தேன். "இன்னும் ரெண்டு இருக்குப்பா," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எண்ணிட்டு இருக்கேன், இரு."